இரண்டு கணினிகளும் எட்டாமிடத்துச் செவ்வாயும்

என் மகளுக்குச் செவ்வாய்க் குற்றம் என்று எழுதிக் கொடுத்தவர் இங்கே டென்மார்க்கில், ஸ்கீவ நகரில் இருக்கும் ஓர் அண்ணை. அந்தப் பக்கத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்கு அவர்தான் தன் பழைய கணினியில் சாதகம் கணித்தவர். அந்தச் சாதகத்தைப் பார்த்துவிட்டு, மகள் விரும்பிய பொடியனின் தாய் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து போன் எடுத்து, "பொருந்தாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கொம்யூனில், அதுதான் நகரசபையில், போய்க் கையெழுத்து வைக்கலாம்தான். ஆனால் தாய் வராத கலியாணம் தனக்கு வேண்டாம் என்று பொடியன் நின்றான். மகள் சாப்பிடாமல் எழும்பிப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவள். வீட்டுக்கு வந்தால் கணினியைக் கழற்றிப் பூட்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கணக்கை நானே ஒருமுறை போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை என்று ஸ்கீவவுக்குக் காரை விட்டேன்.

"தங்கச்சி, உது பழைய விண்டோசிலதான் ஓடும். உங்கட புதுசில ஏலாது," என்றார் அண்ணை. என்றாலும் சாதக மென்பொருளின் இறுவட்டையும், தன் பழைய கணினியின் முழுப் பிரதியையும் தந்தார்.

ஏலாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்ட மென்பொருட்கள் இருக்கின்றன. மெய்நிகர் கணினி என்பார்கள். எது நல்லது என்று பார்க்க ஞாயிறு காலை உட்கார்ந்தேன். விண்டோசோடு சேர்ந்து வருவது என் வீட்டுப் பதிப்பில் இல்லையாம், அது தொலையட்டும். இலவசமானது சுலபமாக ஏறியது, ஆனால் திரை தபால் முத்திரை அளவு; உள்ளே போன மௌஸ் வெளியே வரமாட்டேன் என்றது. மற்றது அலுவலகங்களுக்கு விற்ற சாமான், இப்போது வீட்டுக்குச் சும்மா. பெயரைப் பதிவதற்குள் உயிரை வாங்கியது, ஏறியபின் பறந்தது.

ஏறிய இரண்டில் முதலாவதில் அண்ணையின் கணினிப் பிரதியை அப்படியே ஏற்றினேன். இரண்டாவதில் பழைய விண்டோஸைப் புதிதாகப் போட்டு, சாதக மென்பொருளை மட்டும் சேர்த்தேன். பழைய விண்டோஸின் தொடக்க இசை கேட்டதும் நான் கதிரையை விட்டு எழும்பித் துள்ளினேன்! எது வேகம் என்று பார்க்க இரண்டிலும் மகளின் பிறந்த நேரத்தைக் கொடுத்தேன். முதலாவதில் செவ்வாய் எட்டாமிடம், அண்ணை எழுதியதுபோலவே. இரண்டாவதில் ஆறாமிடம். ஆறில் இருந்தால் குற்றமே இல்லை!

ஒரே மென்பொருள், ஒரே பிள்ளை. தலையைப் பிய்த்துக்கொண்டு ஒவ்வொரு அமைப்பாகத் துழாவினேன். கடைசியில் கண்ணில் பட்டது நேர வலயம். என்னுடையது டென்மார்க். அண்ணையுடையது கொழும்பு. மென்பொருள் அதைத்தான் நம்பி, இங்கே பிறந்த பிள்ளையின் நேரத்தைக் கொழும்பு நேரமாக எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறது.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், ஊர் நேரம்தான் வச்சனான். இல்லாட்டி அங்க ஆக்கள் நித்திரை கொள்ளேக்க போன் எடுத்துப்போடுவன்."

ஊரில் யாருக்கும் நித்திரை குழம்பவில்லை. இங்கே என் பிள்ளைதான் குழம்பிப்போனாள். சிரிப்பதா, கத்துவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அடுத்த போன் பொடியனின் தாய்க்கு. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப என்ர மகன்ரயும் அவர்தானே எழுதினவர்? அதையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ," என்றார்.

போனைத் தோளில் இடுக்கியபடி, அவர் சொல்லச் சொல்லப் பொடியனின் பிறந்த நேரத்தைத் தட்டினேன். அண்ணையின் கணினியில் செவ்வாய் ஒன்பதாமிடம், பழுதில்லை. என்னுடையதில் ஏழாமிடம். அசல் செவ்வாய்க் குற்றம். பொய் சொல்ல வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

"ஏழாமிடம், அக்கா. குற்றம்தான்," என்றேன்.

"இந்தக் காலத்தில உதெல்லாம் ஆர் பாக்கினம்?" என்றார் அவர். "முதல்ல உந்த மெசினை நிப்பாட்டுங்கோ. கலியாண மண்டபம் எங்க எடுப்பம்?"