பின்பலகையில் இருந்தவர்

அந்தப் படகின் பின்பலகை இரண்டடி அகலம்தான் இருக்கும். ஒரு காலத்தில் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப்போன பலகை. ஆனால் எங்கள் மச்சானிடம் அந்தப் படகு வந்த பிறகு ரொம்ப நாள் ஒருத்தரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சந்தை நாளில் கூட்டம் நெருக்கியடிக்கும். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றே வருவார்களே தவிர, அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பெரிய கண்மாய். தண்ணீர் நிறைந்த மாதங்களில் அக்கரைச் சனங்களை இக்கரையில் கொண்டுவந்து விடுவது அவர் பிழைப்பு. படகு, கடலோரத்தில் பழசாக வாங்கி வண்டியில் ஏற்றி வந்தது. விற்றவர் ஒன்றே ஒன்று சொன்னாராம்: "எங்கண்ணன் அந்தப் பின்பலகையில இருந்துதான் காணாமப் போனாரு. அதுல யாரையும் உக்கார வைக்காதீங்க." ஆளே இல்லாமல் நின்றாலும் அந்தப் படகின் பின்பக்கம் நாலு விரற்கடை தாழ்ந்துதான் மிதக்கும். மரம் ஊறியிருக்கும் என்பேன் நான்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் அவருக்கு வலது கை விளங்காமல் போயிற்று. கழி ஊன்ற முடியவில்லை. மழைக்காலம் வருவதற்குள் படகில் மோட்டார் ஏறாவிட்டால் துறைக் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. நான் செல்லூரில் ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டராக இருந்தேன். பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட மோட்டார் ஒன்று என் கைக்கு வந்திருந்தது, படகுக்குப் பின்னால் வெளியே மாட்டுகிற வகை. அவரோ பழைய கார் இன்ஜினைப் படகின் வயிற்றுக்குள் வைக்கச் சொன்னார். உள்ளே வைத்தால் விசிறியைச் சுற்றும் தண்டு வெளியே போக அடிமரத்தில் ஓட்டை போட வேண்டும். அந்தக் கிழட்டு மரம் பிளந்துகொள்ளும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓட்டை போட்ட படகுல அம்புட்டுச் சனத்தையும் ஏத்தி முக்கப் போறீங்களா, மச்சான்?"

"வெளிய மாட்டணும்னா அவரு இருக்குற எடத்துலல்ல மாட்டணும், மாப்ள."

அவர் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளினாலும் கணக்கு இடித்தது. ஏற்கெனவே பின்னால் தாழ்வு. மோட்டாரின் அரை மூட்டை நெல் கனமும் அங்கே ஏறினால் விளிம்பில் தண்ணீர் ஏறும். ஆனால் பிடிவாதம் யாரை விட்டது. "அவரை நான் எந்திரிக்கச் சொல்றேன்" என்று படகில் ஏறினேன். உச்சி வேளை. அந்த நேரத்தில் தண்ணீர் ஓரத்தில் நின்று யாரையும் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? வாய்க்கொழுப்பு. காலிப் பலகையைப் பார்த்துக் கும்பிட்டு, "அண்ணே, எடம் வேணும். எந்திரிச்சு வாங்க, வீட்டுல அயிரை மீன் குழம்பு, சாப்பிடுவோம்" என்றேன்.

காற்றே இல்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, ஆள் இறங்கினால் சாயுமே, அப்படி. மச்சான் கரையேறி நடந்தார். நான் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் போனேன்.

அக்கா வீடு கரையை ஒட்டித்தான். சாப்பிட உட்காரப் போனால் மூன்று இலை போட்டிருந்தாள். நீயும் உட்காருகிறாயா என்று கேட்டேன்.

"நான் பெறகு சாப்பிடுறேன், தம்பி. கரையில மூணு பேரா வந்தீங்களே, அந்த அண்ணன் எங்க? கால் கழுவுறாரா?"

அந்த மூன்றாவது இலையை எடுக்கப் போனேன். மச்சான் இடது கையால் தடுத்தார். "போட்ட இலையை எடுக்கக் கூடாது, மாப்ள. நீ கூப்பிட்ட, வந்துட்டாரு." பிறகு அக்காவிடம் திரும்பி, "சோத்தைப் போடு, புள்ள" என்றார்.

சாயங்காலமே மோட்டாரை வெளியே மாட்டினோம். அவ்வளவு கனம் ஏறியும் படகு பழைய ஈரக்கோட்டை விட்டு ஒரு விரல்கூட இறங்கவில்லை. மச்சான் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து இடது கையால் ஓட்டினார். துறை அவர் கையை விட்டுப் போகவில்லை. நான் சொன்னதுதான் சரி. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

ஆனால் அன்று முதல் அக்கா வீட்டில் மதியச் சோற்றுக்கு இலை ஒன்று கூடுதல். ஏன் என்று ஒருமுறை சண்டை போட்டேன். "வந்தவரு இன்னும் 'வாரேன்'னு சொல்லிட்டுப் போகலையே, தம்பி" என்றாள், ஏதோ பக்கத்து ஊர்ச் சொந்தக்காரரைச் சொல்வதுபோல. பேய் பிசாசில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. மச்சான் போய், அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாகிற வரைக்கும் "ஒரு வாய் சாப்பிட்டுப் போ, தம்பி" என்று வாசலில் நின்று கூப்பிட்டவள். கூடப் பிறந்தவள் கையால் அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய்கூட நான் சாப்பிடவில்லை.