அட்டைக் கடியில் பட்ட அடுத்தவர் இரத்தம்

அம்மனை நம்பும் சொந்தங்களே, முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாதவரின் இரத்தம் நம் புண்ணில் பட்டால், சுண்ணாம்பு வைத்தால் போதும் என்று நம்பினேன். அட்டைக் கடிக்கு அதைத்தானே வைக்கிறோம்? ஐம்பது வயது ஆளின் அறிவு அவ்வளவுதான்.

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அட்டை கடித்த மணிக்கட்டிலிருந்து இரத்தம் நிற்காமல் வடிந்தது. அந்த நேரம் பார்த்து, கீழே வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. ஓடிப்போனேன். ஓட்டி வந்தவர் யாரென்றே தெரியாது. கால் கிழிந்திருந்தது. என் துண்டால் அழுத்திப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் என் கையைப் பார்த்தேன். முழங்கை வரை சிவப்பு. இதில் அவருடையது எது, என்னுடையது எது? ஒன்றும் புரியவில்லை.

வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்து அப்பினேன். எரிந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சற்று நேரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. இரத்தத்தில் பரவும் வியாதிகளில் எனக்குப் பெயர் தெரிந்தவை இரண்டு. தெரியாதவற்றுக்கும் சேர்த்துப் பயந்தேன். லயத்து வீட்டுக்குப் போனால் மனைவி செல்விக்கும் ஒட்டிக்கொள்ளுமோ? நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய் விழுந்தேன்.

"தாயே, அந்த மனுசனோட ரத்தத்த மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துரு. என்னோடத விட்டுரு."

சிரிக்காதீர்கள். அழுதுகொண்டேதான் கேட்டேன். வழி தெரியவில்லை.

என்னைத் தேடிக்கொண்டு செல்வி வந்து நின்றாள்.

"என்னங்க இது, கைக்கு வெள்ளையடிச்சிருக்கீங்க?"

"கிட்ட வராத புள்ள. என் கத முடிஞ்சிருச்சு."

நடந்ததைக் கேட்டாள். "கத முடிஞ்ச ஆளு இவ்வளவு பேசுமா? ஆத்தாவுக்கு ரத்தம் பிரிக்கிறதுதான் வேலையா? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்கு!"

அங்கே சிங்கள டாக்டரம்மா என் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சுண்ணாம்பு பட்டுத் தோல் வெந்துபோயிருந்தது. தமிழில் மெதுவாகச் சொன்னார்: "சுண்ணாம்பு வேணாம் ஐயா. தேய்க்க வேணாம், பிதுக்க வேணாம். சவுக்காரம் போட்டு, ஓடுற தண்ணியில கழுவணும். உடனே இங்க வரணும்."

எச்.ஐ.வி. கிருமி தொற்றாமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறதாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் தாண்டினால் பிரயோசனமில்லையாம். அப்போதே ஒன்றை விழுங்க வைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், ஈரல் நோய்க்குத் தடுப்பூசியும் போட்டார்கள்.

வழி கேட்டேன், அம்மன் செல்வியை அனுப்பினாள். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமில்லை. வெள்ளி தவறாமல் விளக்குப் போடுகிறேன். நீங்களும் அவளை நம்புங்கள். ஆனால் இப்படி ஒன்று நடந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் உட்கார்ந்தே கும்பிடுங்கள். அவளுக்குக் கேட்கும்.

விழுந்தவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். "என்னத் தூக்குன ஆளு கையிலயும் ரத்தம் வந்துச்சே, அவருக்கு ஏதும் வியாதியா?" என்று அவர் இரவெல்லாம் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். அவர் சம்மதத்தோடு அவர் இரத்தத்தையும் சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு வரச்சொல்லி எடுத்த பரிசோதனையிலும் எனக்கு ஒன்றும் இல்லை.