அரைவார்த்தை வாத்தியார்

என் வீட்டுக்காரர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். விமானக் கிளப்பில் எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அரைவார்த்தை என்பார்கள். இரண்டாவதுதான் பொருத்தமான பெயர். எந்தப் பேச்சையும் பாதியில் விழுங்கிவிடுவார். மீதியை எதிரே நிற்பவன் ஊகித்துக்கொள்ள வேண்டும். அவர் செத்துப் பதினாறு வருஷமாகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக மட்டும் கேட்க நினைப்பவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்கலாம்.

பத்து வயதில் அப்பாவைப் பறிகொடுத்து, லாரிப் பட்டறையில் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சின் கழுவ ஆரம்பித்தவர். அங்கிருந்து கிளப்புக்கு மெக்கானிக்காகப் போனார். நாலு வருஷம் இறக்கைக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, ஐந்தாம் வருஷம் மேலே ஏறி உட்கார்ந்தார். ஆள் குள்ளம். வெளியே எட்டிப் பார்க்க இரண்டு தலையணை வேண்டும். அந்தக் காலத்து விமானத்துக்கு இறக்கையெல்லாம் துணிதான். கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஷெட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் நடந்தது எதையும் நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

அவருடைய அரைவார்த்தைகளில் முக்கியமானது "எடு". சாப்பிடும்போது "எடு" என்பார். சோறு எடு என்றும் இருக்கும், தட்டை எடு என்றும் இருக்கும். கல்யாணமான புதிதில் பாதிப் பசியில் இருந்தவரின் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறேன். வீட்டில் அது ஒரு முறைப்போடு போயிற்று.

விமானத்தில் முன்னால் இவர், பின்னால் பாடம் படிப்பவர். ஓட்டுவதற்கு ஆளுக்கொரு கம்பி, ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும், இழுத்தால் மூக்கு மேலே தூக்கும். இரைச்சலில் பேச்சு கேட்காது என்று நடுவில் ஒரு ரப்பர்க் குழாய் வைத்திருந்தார்கள். தப்பு நடந்தால் அதில் வாய் வைத்து "எடு" என்பார். கையை எடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் "எடுங்க" என்று இன்னும் இரண்டு எழுத்தைச் செலவழிக்கமாட்டார்.

ஒருமுறை துணிக்கடைக்காரர் ஒருவர், வண்டியை எடு என்கிறார் போல என்று நினைத்து, தரையில் நின்ற விமானத்தை முடுக்கிவிட்டார். அது ஓடிப்போய் எண்ணெய்ப் பீப்பாயில் மோதியது. மூன்று நாள் உட்கார்ந்து இறக்கையைத் தைத்தேன்.

ஊசி கோத்துக்கொண்டே சொன்னேன்: "தரையில கிழிஞ்சா நான் தைப்பேன். மேல போய்க் கிழிஞ்சா யார் தைக்கிறது? அந்த வார்த்தைய மாத்துங்க."

"பழகிடும்," என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

அதிலிருந்து விமானம் இறங்குகிற சத்தம் கேட்டால் என் கை தானாக நின்றுவிடும். சக்கரம் தரையில் பட்ட பிறகுதான் அடுத்த தையல்.

அப்புறம் வந்தவர் பல் டாக்டர். கனத்த உடம்பு, கலகலப்பான ஆள். ஏறும்போதெல்லாம், "அக்கா, உங்க தையல நம்பித்தான் போறேன்," என்பார். ஒன்பதாவது நாள் மதியம், மரங்களைத் தாண்டி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தரைக்கு மேலே இரண்டு மாடி உயரம் இருக்கும். திடீரென்று விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கியது. இரைச்சல் தேய்ந்து, ஒரு மூச்சு நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பெரிய சத்தமில்லை. பழைய கட்டில் முறிவது போலத்தான் கேட்டது.

டாக்டர் அங்கேயே போய்விட்டார். இவருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என்னைக் குனியச் சொல்லிச் சொன்னார்: "எடுன்னேன். மேல எடுன்னு நெனச்சுட்டார். ரெண்டு கையாலயும் இழுத்துட்டார்."

விசாரணைக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லை. டாக்டர் பயந்து விறைத்துப்போய்க் கம்பியை விடவில்லை என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். இவருக்கு லைசென்ஸ் தப்பியது. செத்த மனிதருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேராயிற்று.

ஐந்தாம் மாதம் நொண்டிக்கொண்டே கிளப்புக்குக் கிளம்பிவிட்டார். புதிதாகச் சேர்ந்தவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஒல்லி, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் வாரம் எஞ்சினைப் போடாமல் தரையில் உட்கார்ந்தே பாடம். நான் ஷெட்டில் புது இறக்கைக்குத் துணி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே இவர் குரல் கேட்டது. "எடு." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "எடு." இழுத்த துணியை அப்படியே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "கையை எடுன்னு முழுசா சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"இப்ப மாத்தினா ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க. டாக்டர் விஷயம் வெளிய வந்துடும்."

அந்த மனிதர் எனக்குத் தெரிந்து பாதியில் விழுங்காமல் சொன்ன இரண்டாவது பேச்சு அது. சொன்ன பொய் நிற்க வேண்டுமானால் கொன்ற வார்த்தையும் நிற்க வேண்டும். திங்கட்கிழமை குமாஸ்தாவை மேலே கூட்டிப்போவதாக இருந்தார். அன்றைக்கு வெள்ளி.

மறுநாள் காலை டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உங்க வீட்டுக்காரர் வேலை போயிடுமே அக்கா," என்றாள்.

"வேலைதான போகும். ஆள் இருக்காரே."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அவள் உள்ளே போய்ப் பேப்பர் எடுத்து வந்தாள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "ரெண்டு கையாலயும் இழுத்துட்டார்" என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்ததும் கைநாட்டு வைத்தேன். இரண்டு பேருமாகப் போய் விசாரணை அதிகாரி கையில் கொடுத்தோம்.

திங்கட்கிழமை விமானம் கிளம்பவில்லை. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"நீயா?" என்றார் இவர், வீட்டுக்குள் நுழைந்ததும்.

"நான்தான்."

அதற்கப்புறம் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு பழைய லாரிப் பட்டறைக்கே வேலைக்குப் போனார். கடைசிவரைக்கும் வானத்தில் சத்தம் கேட்டால் தலை தூக்கமாட்டார்.

லைசென்ஸ் போன வாரமே குமாஸ்தா வீடு தேடி வந்தார். பாடம் நின்றுபோன ஆத்திரம். வாசலில் நின்று பிடிபிடியென்று பிடித்தார்.

"எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள பேச்சக் கேட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. விமானத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

நல்ல தொண்டை, உயிருள்ள தொண்டை. கழுத்து நரம்பு புடைக்க, முகமெல்லாம் சிவக்கக் கத்தினார். உள்ளே இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். மடமடவென்று குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"கத்துங்க தம்பி," என்றேன். "நல்லா கத்துங்க."