தொடையில ஒரு மை பொட்டு

நேத்து நீலாய் கிளினிக்ல ஒரு பாப்பாவ தூக்கினேன், குப்புனு தேங்கா எண்ணெ வாசம். அவ்ளோதான், ஒடம்பு நீலாய்ல, மூள கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்துல.

அப்ப நான் அங்க பக்கத்து கிளினிக்ல டிரெய்னிங் மிஸ்ஸி, அதான் நர்ஸ். வாய் மட்டும் சீனியர் மிஸ்ஸி. பரீட்சையில ஏ கிரேடு வேற வாங்கித் தொலைச்சேனா, கால் தரையில படல. அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலருந்து லெட்சுமி அக்கா ரெண்டு மாசப் பையன ஊசிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. வந்ததும் அவன மடியில கவுத்துப் போட்டு, லம்பின் துணிய அவுத்து, பின்பக்கத்த காட்டுனாங்க.

"அக்கா, அங்க இல்ல. தொடையில."

"நாங்கள்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்ட பின்னாலதான் ஊசி வாங்குனோம். தொடையில குத்தி எம்புள்ள நடக்காம போனா, நீயா தூக்கிட்டுத் திரிவ?"

எந்திரிச்சிட்டாங்க. இப்ப போனா திரும்ப வர மாட்டாங்க, பையனுக்கு ஊசியே இல்ல. எனக்கோ புஸ்தகத்து இங்கிலீஷ்தான் வாயில வருது, தமிழ் வரல. எப்படியோ தேடிப் புடிச்சு சொன்னேன்.

"அக்கா, காலுக்குப் போற பெரிய நரம்பு பின்னாலதான் ஓடுது. அதுல பட்டாதான் டேஞ்சர் லா! தொடையில வெளிப்பக்கம், இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவுல, அங்கதான் பிள்ளைக்கு நல்ல சதை."

என் சிலுவார் பேண்ட்டு மேலயே வெரல வெச்சுக் காட்டுனேன்.

அக்கா என் தொடைய பார்த்தாங்க. "ஒனக்கே அங்க ஒண்ணும் காணோமே." சிரிச்சிட்டு உக்காந்துட்டாங்க.

அடுத்த கூத்து, ஊசி நாளுனு பையனுக்கு எண்ணெ தேச்சுக் கொண்டு வந்திருக்காங்க. கால புடிச்சா வெரால் மீனு மாதிரி வழுக்குது. தொடச்சு தொடச்சு, ஒரு வழியா போட்டுட்டேன். பையன் ஒரு செகண்ட் யோசிச்சான், அப்புறம் கத்துன கத்துல கூரை பறந்துச்சு. பிளாஸ்டர் ஒட்டவே இல்ல.

அடுத்த மாசம் அக்கா திரும்ப ஊசிக்கு வந்தாங்க. பையன் துணிய விலக்குறேன், தொடையில வட்டமா மை பொட்டு! வெளிப்பக்கம், கரெக்டா நடுவுல.

"நீ எடம் மறந்துருவியோன்னு வெச்சேன். கண்ணும் படாது பாரு."

ஏ வாங்குன நான் அளந்து பார்த்தேன். தப்பே இல்ல. பொட்ட சுத்தமா அழிச்சிட்டு அங்கயே போட்டேன்.

பின்னால ஒரு ஊசிக்கு அந்தப் பையன் நடந்தே வந்தான். என்னைப் பார்த்ததும் அதே காலால ஓடவும் செஞ்சான்.

இப்ப லயத்த இடிச்சிட்டாங்க. அக்கா சி ரூசாங்கற ஊர் பக்கம் இருக்காங்களாம். இங்க வர்ற அம்மாங்க நான் கேக்கறதுக்கு முன்னாடியே தொடைய காட்டுறாங்க, என்கூட சண்ட போட ஆளே இல்ல. நேத்து பாப்பாவோட ரெண்டு தொடையயும் திருப்பிப் பார்த்தேன். எண்ணெ இருந்துச்சு. பொட்டு இல்ல.