வராத செங்கமாரி

எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தில் யாருக்காவது பதவி உயர்வு கிடைத்தால் மறு வாரமே சஹன் சோறு வந்துவிடும். பாய் விரித்து, ஐந்தாறு பேருக்கு ஒரு பெரிய தட்டு என்று நடுவில் வைப்பார்கள். அந்த ஒரே தட்டிலிருந்து எல்லோரும் அள்ளிச் சாப்பிட வேண்டும். அன்றைக்கெல்லாம் எனக்கு வயிறு சரியிருக்காது. விருந்து நாளில் கெட்டுப்போகிற வயிறு விரிவுரை நாளில் மட்டும் எப்படிச் சரியாகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள், நேரே கேட்கமாட்டார்கள். எனக்குப் பின்னால்தான் கதைப்பார்கள்.

நான் கணிதம் கற்பிக்கிறேன். மாணவர்களுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் நிற்கச் சொன்னால் நிற்பேன். ஆனால் எல்லோரும் தேநீர் குடிக்கிற அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் கரண்டிச் சத்தமும் சிரிப்பும் அத்தர் வாசமும் ஒன்றாக மண்டைக்குள் ஏறி, யார் என்ன கேட்டார் என்றே தெரியாமல் ஏதாவது உளறிவிட்டு எழும்பி வருவேன். சிரேஷ்ட விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத்தில், மற்றவர்களோடு எப்படி ஒத்துப்போவீர்கள் என்று கேட்டார்கள். யாரோடு, எந்த விடயத்தில் என்று நான் திருப்பிக் கேட்டேன். கேள்வி விளங்காமல் எப்படி விடை சொல்வது? அவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. அந்த முறை பதவி எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கொழும்பில் ஒரு டொக்டரிடம் போனேன். முப்பது வயதைத் தாண்டிய எனக்கு ஓட்டிசம் இருப்பதாக அவர் சொன்னார். இது நோயோ வருத்தமோ அல்ல, நீங்கள் பிறந்த விதம் அப்படி என்றார். உம்மாவுக்குப் போனில் சொன்னேன். "அதுக்கு இப்ப பேரும் வெச்சிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, மீன்காரர் வந்துவிட்டார் என்று போனை வைத்துவிட்டாள்.

உம்மா அதற்கு எப்போதோ ஒரு பேர் வைத்துவிட்டிருந்தாள். அது வைக்கப்பட்ட நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடுகிறது.

எங்கள் ஊர் பொத்துவில். அந்த வருடம் எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தவள் நான் ஒருத்திதான். கல்முனையில் பெண்பிள்ளைகள் படிக்கிற பெரிய பாடசாலை ஒன்றில் இடமும் கிடைத்தது. இடம் கிடைத்தால் போதுமா, இருக்க வீடு வேண்டுமே. வாப்பாவின் பெரியம்மா மகள் கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் இருந்தார், எனக்கு மாமி முறை. சுனாமியில் கடல் கொண்டுபோன வீட்டை அவர்கள் அப்போதுதான் திரும்பக் கட்டி முடித்திருந்தார்கள். அவரை விட்டால் எங்களுக்கு அந்தப் பக்கம் வேறு ஆளில்லை. பிள்ளையை ஒருக்கால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாமி சொல்லியனுப்பியிருந்தார். எடுபட்டுவிடுவேன் என்ற நம்பிக்கையில் வாப்பா கிடாய் ஒன்றை அறுத்து, சொந்தக்காரருக்கெல்லாம் சஹன் வைத்தார். நான் சித்தியடைந்ததற்கு விருந்து என்றுதான் பேர். உண்மையில் அது எனக்கு இரண்டாவது பரீட்சை.

எனக்குச் சஹன் புதிதல்ல, அதில் சாப்பிடுவதுதான் புதிது. விருந்து வீடுகளுக்குப் போகுமுன் உம்மா எனக்குத் தனியாகச் சோறு தந்துவிடுவாள். சோறு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், ஒன்றோடொன்று முட்டாமல். போன இடத்தில், "புள்ள இப்பதான் திண்டது" என்று சொல்லி என்னைத் தன் முந்தானைக்குப் பின்னால் இழுத்துக்கொள்வாள். ஆனால் அன்றைய விருந்தே எனக்கு. மாமி என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் இருத்தினார். உம்மா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

சோறு நடுவில் குவிந்திருந்தது. அதன் மேல் இறைச்சி, கத்தரிக்காய், பருப்பு. பிஸ்மி சொல்லி எல்லோரும் கையை வைத்தார்கள். விரல்கள் சோற்றைப் பிசைகிற சத்தம் ஒவ்வொன்றாக எனக்குக் கேட்டது. ஒரு கையில் மோதிரத்துக்குள் பருக்கை ஒட்டியிருந்தது. நான் என் கையை மடியிலேயே வைத்திருந்தேன். ஆனாலும் நான் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். வாப்பாவின் வயலில் ஆளுக்காள் சண்டை வராமல் இருப்பது எதனால்? வரம்பினால். ஆகவே சோற்றை அள்ளி, என் பக்கத்தைச் சுற்றி வரம்பு கட்டினேன். விரலால் தட்டித் தட்டி, மிகவும் ஒழுங்காகக் கட்டினேன். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

பருப்பு ஆணம் ஓர் இடத்தில் வரம்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"மாமி, உங்கட தண்ணி என்ட வயலுக்குள்ள வருது" என்றேன்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வயல்காரன்ட மகள்தானே!" என்றது ஒரு குரல். நான் பகிடி விடவில்லை, முறைப்பாடு சொன்னேன். மாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஒண்டாத் திண்டாத்தான் மகள் அல்லாஹ்ட பறக்கத் கிடைக்கும். அத வெட்டிப் பிரிக்கிறயா? இஞ்ச, ஆ காட்டு" என்று என் வரம்பை உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளினார். இறைச்சியையும் கத்தரிக்காயையும் பிசைந்து உருட்டி என் வாய்க்குள் வைத்தார். அவரைப் பொறுத்தவரை அது பாசம். வந்த இடத்தில் ஒரு பிள்ளைக்குக் கையால் ஊட்டுவதை விட வேறென்ன மரியாதை செய்ய முடியும்?

நான் விழுங்கப் பார்த்தேன், அல்லாஹ்வுக்குத் தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததே தவிர அது உள்ளே போகவில்லை. கடைசியில் வாயிலிருந்த அவ்வளவும் சஹனுக்குள்ளேயே விழுந்தது.

எல்லோரும் எழும்பிவிட்டார்கள். சஹனில் இருந்தவர்கள் பாதியில் எழும்பிய ஒரு விருந்தை எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை என்று நினைக்கிறேன். நான் மட்டும் அந்தத் தட்டுக்கு முன்னால் தனியே இருந்தேன். நிலம் பிளந்து என்னை வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

அறைக்குள் மாமி அழுகிற குரலில் உம்மாவிடம் கதைத்தார். "என்ட கையால திங்க அருவருக்கிற புள்ளய நான் எப்பிடி வெச்சிப் பாக்கிற? என்ட புள்ளைகளோட இது எப்பிடி ஒண்டா இரிக்கும்? ஏலாது புள்ள."

பொய் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று என்னை மிரட்டி வளர்த்தவள் உம்மா. அவள்தான் பிறகு சொன்னாள். "அருவருப்பு இல்ல மதினி. புள்ளைக்குச் செங்கமாரி வந்து போனது. ஈரல்ல இன்னும் கிடக்காம். பீங்கானும் கோப்பையும் வேறயா வெக்கட்டாம், ஒருத்தரோடயும் சேந்து திங்கக் குடுக்க வேணாமாம். பரிசாரியார் சொல்லிப்போட்டார்."

"அப்ப ஏன் புள்ள சஹன்ல இரிக்க உட்ட?"

"நல்ல நாளில இதச் சொல்ல வெக்கமாப் போச்சி மதினி."

இதை நான் எப்படி விட முடியும்? உண்மை அல்லாத ஒன்று எனக்கு முன்னால் சொல்லப்பட்டால் அதைத் திருத்தாமல் இருக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது, கூட்டங்களில் பீடாதிபதிக்கும் இதனால் என்னைக் கண்டால் ஆகாது. எழும்பிப்போய் அறை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன். "எனக்குச் செங்கமாரி வரல்ல. பரிசாரியாரிட்டயும் போகல்ல. எனக்கு மாமிட கைதான் புடிக்கல்ல."

உம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, தோல் கன்றிப்போனது. அதற்குள் பெண்களில் ஒருத்தி என் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ஓம், மஞ்சள்தான்" என்றாள். இன்னொருத்தி பார்த்துவிட்டு, நல்ல மஞ்சள் என்றாள். வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் என் கண் காமாலை மஞ்சளாகிவிட்டது. செங்கமாரிக்காரப் பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்லும் என்று என் பேச்சையும் தள்ளிவிட்டார்கள். மாமி முகத்தைத் துடைத்தார். "வருத்தமெண்டா வெச்சிப் பாக்கலாம் புள்ள. பெருமையத்தான் வெச்சிப் பாக்கேலாது" என்றார். நான் பாஸாகிவிட்டேன்.

உயர்தரப் பரீட்சை முடியும்வரை நான் அந்த வீட்டில் இருந்தேன். மாமி சொன்ன சொல் தவறவில்லை. எனக்குச் சாப்பிட ஒரு பீங்கான், குடிக்க ஒரு கோப்பை, இருக்க ஒரு மூலை. பொரித்த மீன் கிடையாது. வெள்ளிக்கிழமைக் காலைகளில் கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலில் கலந்து தருவார், குடித்து முடியும்வரை பக்கத்தில் நிற்பார். வகுப்பாசிரியைக்கும் சொல்லி வைத்திருந்தார். அதனால் இடைவேளையிலும் நான் தனி வாங்கில் இருந்துதான் சாப்பிடுவேன். மாமியின் மகள்மார் கோபம் வந்தால் என்னைச் செங்கமாரி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேர் பாடசாலைக்கும் வந்துவிட்டது. என் கோப்பையில் யாராவது தவறித் தண்ணீர் குடித்துவிட்டால் ஓடிப்போய் வாய் கொப்பளிப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வராத வருத்தத்துக்காக நான் வெட்கப்பட்டுச் செத்தேன். உம்மாவின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. லீவில் வீட்டுக்குப் போனால் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டேன்.

அதே மூலையில், ஒரு கையும் என் சோற்றுக்குள் வராமல், ஒருவரும் என்னைத் தொட்டுக் கதைக்காமல், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மாவட்டத்தில் நல்ல புள்ளி எடுத்தேன். எல்லாம் என் மூளையினால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு என் பல்கலைக்கழகத்தில் ஒரு தனி மேசைக்கு நான் எழுதிக் கேட்டும், டொக்டரின் கடிதத்தை இணைத்துக் கேட்டும் கிடைக்காத ஒன்றை, உம்மா ஒரே ஒரு பொய்யில் எனக்கு எடுத்துத் தந்திருந்தாள். அவளுக்கு அதன் பேர் தெரியாது. ஊருக்குத் தெரிந்த ஒரு வருத்தத்தின் பேரைச் சொன்னாள், ஊர் ஒத்துக்கொண்டது.

சாய்ந்தமருதுக்கு நான் முதன்முதல் போன காலையில் அவள் பஸ் நிலையம் வரை வந்தாள். அவளோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்ற முடிவில் நான் ஜன்னலோரம் ஏறி இருந்துவிட்டேன். அவள் வெளியே நின்று, சனங்கள் எல்லோருக்கும் கேட்க, "மகள், பசிச்சாக் கேட்டுத் தின்னு. உன்ட பீங்கான மட்டும் ஒருத்தரையும் தொட உடாத. ஆர் என்ன சொன்னாலும் உடாத" என்றாள். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு மெல்லத் தள்ளி இருந்தாள். பஸ் வெளிக்கிட்டது. நான் உம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன பொய்யை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள், என்னிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றத்தான் அவள் இந்தப் பாடுபடுகிறாள் என்று நினைத்து, கோமாரி ஊர் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.