மல்லிகாவின் காரில் நான் அடைத்த ஓட்டைகள்

1. காருக்குள் கிணறு

நியூ ஜெர்சியில் ஒரு பாடி ஷாப்பில் பத்து வருஷம் வேலை பார்த்தேன். அடிபட்ட கார், துருப்பிடித்த கார், இரண்டும்தான் எனக்குச் சோறு போட்டன. அங்கே எனக்கு நேர்ந்த பெரிய அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமை பேச ஊரில் ஆளா இல்லை?

தொண்ணூற்றாறாம் வருஷம், ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை. முதலாளி ஃப்ராங்க்கின் டிரக் பெயிண்ட்டுக்காக நின்றது. அதனால் அவரை என் பழைய காரில் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஷாப் வாசலில் வண்டியைத் திருப்பும்போது காலடியில் சளக்கென்று ஒரு சத்தம். வண்டியை நேராக்கினால் மறுபடியும் சளக்.

ஃப்ராங்க் பேசுவது முழுக்க இங்கிலீஷ். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன்.

"ஏன்யா, காருக்குள்ள கெணறு வெட்டி வச்சிருக்கியா?"

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினோம். இரண்டு பக்கக் கதவுகளுக்கும் கீழே, நாம் காலெடுத்து வைத்து ஏறும் இடத்தில், நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடும். ராக்கர் பேனல் என்பார்கள். உள்ளே வெற்றிடம். ஃப்ராங்க் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் அடியில் லேசாகக் குத்தினார். அப்பளத்தில் குத்தியதுபோல உள்ளே இறங்கியது. பழுப்புத் தண்ணீர் கொட்டி அவர் சட்டைக் கை முழுவதும் நனைந்தது.

"இதுல தண்ணி வடியறதுக்கு நாலு ஓட்டை இருக்கும். எங்க அது? எவன் அடைச்சான்?"

"நான்தான்," என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு பெட்டி பின் சக்கரத்தருகே முடியும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கையை பாடியோடு சேர்த்து போல்ட் போட்டிருப்பது அந்த இடத்தில்தான். டங்கென்று கேட்க வேண்டிய சத்தம் டொப்பென்று கேட்டது. உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் உதிர்ந்து விழுந்தது. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"இது ஃப்ரீவேல கழண்டிருந்தா நீ இப்ப எங்கய்யா இருந்திருப்பே?"

எனக்கு என்னைப் பற்றிய கவலை வரவில்லை. மல்லிகாவின் ஞாபகம் வந்தது. அவள் காரிலும் இதே ஓட்டைகளை அடைத்தவன் நான்தான்.

2. கோயமுத்தூர் கைவேலை

நான் ஏன் அடைத்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவன் சுத்த முட்டாள் என்று நினைப்பீர்கள். பாதி முட்டாள்தான்.

அமெரிக்கா வருவதற்கு முன் கோயமுத்தூரில் உக்கடம் பக்கம் ஒரு பட்டறையில் டிங்கர் வேலை. அங்கே வண்டிக்கு அடியில் ஓட்டை இருந்தால் தெருத் தண்ணீர் ஏறும், எலி ஏறும், கரப்பான் குடித்தனம் நடத்தும். ஓட்டையை அடைக்காமல் விட்டால் "என்னங்க வேலை பார்த்தீங்க?" என்று கஸ்டமர் கேட்பார். அடியில் ஒரு துளிகூட விடாமல் அடைத்துத் தார் பூசிக் கொடுப்பவன்தான் அங்கே நல்ல வேலைக்காரன்.

இங்கே வந்து பார்த்தால் குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். நம் ஆட்களோ பத்து வருஷப் பழைய காரை வாங்கிவிட்டு, துரு துரு என்று புலம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்து அவர்களுடைய வண்டிகளுக்கு அடிப்பக்கம் கோட்டிங் அடித்துக் கொடுத்தேன். கூடவே ஊர்ப் பழக்கத்தில், கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் ரப்பர் சீலன்ட் வைத்து அடைத்தேன். "கோயமுத்தூர் அங்கிள் பண்ணா பர்ஃபெக்ட்டா இருக்கும்" என்று கோவிலில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தப் பெட்டிக்குள் தண்ணீர் மேலிருந்து எப்படியும் இறங்கும். கண்ணாடியில் வழிந்து இறங்கும் மழையும், சக்கரம் வாரியடிக்கும் உப்புத் தண்ணீரும் சந்து கண்டுபிடித்துப் போய்விடும். அது வெளியே போவதற்கு வைத்த ஓட்டையை நான் அடைத்துவிட்டேன். உப்பும் தண்ணீரும் ஊற்றி மூடி போட்டால் அது ஊறுகாய் ஜாடி. உள்ளே ஊறியது தகரம்.

என் காரையும் சேர்த்து மொத்தம் பத்து வண்டி. அதில் முதல் வண்டி மல்லிகாவுடையது. இரண்டு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டது.

மல்லிகா நர்ஸ். மெட்ராஸ்காரப் பெண். அவள் கணவனுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து, அவன் முன்னாலேயே போய் பக்கத்திலிருக்கும் சுகர் லேண்டில் வீடு பார்த்துவிட்டான். அந்தச் சனிக்கிழமை காலையில் மல்லிகா ஏழு வயது மகள் நித்யாவை ஏற்றிக்கொண்டு, அதே காரை டெக்ஸஸ் வரைக்கும் ஓட்டிப் போகிறாள். மூன்று நாள், முழுக்க ஃப்ரீவே. வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுப்பதாக என் மனைவி சரோஜா புளிகூட ஊறப்போட்டிருந்தாள்.

3. ஃபோன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சரோஜாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ளை குழந்தைய வச்சுட்டுப் போறாளுங்க. மொதல்ல ஃபோனை எடுங்க."

எடுத்தேன். ஆனால் உண்மை வாயில் வரவில்லை. கோவிலில் சம்பாதித்த பேர் குறுக்கே நின்றது.

"மல்லிகா, லாங் டிரைவ் போறியே, நாளைக்கு ஷாப்புக்குக் கொண்டு வாம்மா. அடியில ஒரு தடவை பார்த்துடறேன்."

"ஐயோ, வேணாம் அங்கிள். வண்டி சூப்பரா ஓடுது."

"அஞ்சு நிமிஷம்தான்."

"பரவால்ல அங்கிள், உங்களுக்கு ஏன் சிரமம்? பேக்கிங் வேற பாக்கி இருக்கு."

"லிஃப்ட்ல ஏத்தி சும்மா ஒரு பார்வை..."

"லிஃப்ட்லயா? அதெல்லாம் வேணவே வேணாம் அங்கிள்!"

இவள் எதற்கு இப்படிப் பதறுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற சரோஜா என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"நான் தப்புப் பண்ணிட்டேம்மா. தண்ணி வடியற ஓட்டைய அடைச்சுட்டேன். உள்ள துருப்பிடிச்சிருக்கும். அப்படியே நீ போகக் கூடாது."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"காலைல எட்டு மணிக்கு வரேன் அங்கிள்," என்றாள்.

4. நீ அடைத்தது, நீயே தட்டு

வெள்ளிக்கிழமை சரியாக எட்டு மணிக்கு வந்தாள். ஸ்கூலுக்கு டாட்டா காட்டியாகிவிட்டதால் நித்யாவும் கூட வந்திருந்தாள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினேன். ஃப்ராங்க் என் கையில் சுத்தியலைக் கொடுத்தார்.

"நீ அடைச்சது. நீயே தட்டு."

முதலில் டிரைவர் பக்கம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால், நான் வைத்த ரப்பர் அடைப்பு நான்கிலும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பெட்டி காய்ந்து கிடந்தது. தட்டினேன். டங். பின்னால் போய்த் தட்டினேன். அங்கேயும் டங்.

"இது யார் பண்ணினது?" என்றேன்.

மல்லிகா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சாரி அங்கிள். போன வருஷம் என் கதவுக்குக் கீழ சளக் சளக்குன்னு ஒரே சத்தம். குனிஞ்சு பார்த்தேன், ரப்பர் இருந்துச்சு. ஊறுகாய் பார்சல் தைக்கறதுக்கு அம்மா குடுத்து விட்ட கோணி ஊசி ஒண்ணு வீட்ல இருக்கு. அதை வச்சுக் குத்தித் திருகினேன், தண்ணி கொட்டிச்சு."

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க ஞாயித்துக்கிழமை முழுக்கப் படுத்துக்கிட்டு வேலை பார்த்தீங்க. நொட்டம் சொல்ற மாதிரி இருக்கும்ல அங்கிள்? உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன். லிஃப்ட்ல ஏத்தினா கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் வேணாம்னேன்."

நான் பேர் போய்விடும் என்று மறைத்தேன். அவள் என் மனசு நோகும் என்று மறைத்தாள். இருவருமாகச் சேர்ந்து ஒரு குழந்தையை இந்த வண்டியில் டெக்ஸஸுக்கு அனுப்பப் பார்த்தோம்.

அடுத்தது வலது பக்கம். "அந்தப் பக்கமும் குத்தினியாம்மா?"

"இல்லையே. அங்க சத்தம் வரலையே."

அப்போதுதான் நித்யா வாயைத் திறந்தாள். "ஐ டோல்ட் யூ அம்மா. தேர்ஸ் எ ஃபிஷ் அண்டர் மை சீட்."

"சீட்டுக்கு அடியில மீன் நீந்துதுன்னு இவ ரொம்ப நாளா சொல்றா அங்கிள். ஏதோ விளையாடறான்னு நெனச்சேன்." மல்லிகாவின் முகம் வெளுத்துவிட்டது. நித்யா உட்காருவது பின்னால், வலது பக்கம்.

ஸ்க்ரூ டிரைவரால் அடைப்பைக் குத்தினேன். அரை பக்கெட் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. நடுப் பெட்டியில் இரண்டு ஜாண் நீளம் அரித்துப் போயிருந்தது. பாக்கி இருந்தது பின் சக்கரத்தருகே அந்த போல்ட் இடம். தட்டினேன்.

டங்.

நம்பாமல் இன்னும் நாலு தட்டு தட்டினேன். டங், டங். ஃப்ராங்க் சுத்தியலைப் பிடுங்கி அவரும் தட்டிப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தார். "ஆடாம நிக்குதுய்யா. போ, போய் வேலையப் பாரு." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று முழுவதும் அந்த ஒரு வண்டிதான். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் கவனிக்கவும். துருவின் மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் கல்யாண மாப்பிள்ளைபோல இருக்கும். ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். அதனால் பளபளவென்று நல்ல தகரம் தெரியும்வரை கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். புதுத் தகரத்தை அளவாக வளைத்து வைத்து, சூட்டில் நெளியாமல் இருக்க விட்டு விட்டு வெல்டிங் வைத்தேன். பிரைமர், ஜாயின்ட்டுக்கு மட்டும் சீலன்ட், மேலே பெயிண்ட். காய்ந்ததும் பெட்டிக்குள் குழாயை விட்டு மெழுகு ஸ்ப்ரே. கடைசியாக எட்டு ஓட்டையும் திறந்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் அவர்கள் சொன்ன நேரத்துக்குப் புளியோதரையோடு கிளம்பினார்கள். திங்கட்கிழமை ராத்திரி ஃபோன் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. "வந்து சேர்ந்துட்டோம் அங்கிள்," என்று மல்லிகா சொன்னபோது போன உயிர் திரும்பி வந்தது. நித்யா ஃபோனைப் பிடுங்கி, "அங்கிள், தி ஃபிஷ் இஸ் கான்," என்றாள். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

மீதி எட்டு வண்டிகளையும் தேடிப் போய் என் கையாலேயே குத்தினேன். "அடைக்கத்தானே சார் உங்ககிட்ட வந்தோம்?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இன்னொருவருடைய டிக்கியில் நான் அடைக்காத ஓட்டையைச் சிந்திய பாசிப்பயறு அடைத்து, அழகாக முளைத்தும் இருந்தது. முளைப்பாரி எடுக்காததுதான் பாக்கி. நல்லவேளையாக எந்த வண்டியும் கைமீறிப் போகவில்லை.

தண்ணீர் வராமல் தடுப்பது பாதி வேலை, வந்த தண்ணீருக்கு வழி விடுவது மீதி வேலை என்பது ஒரு பாடம். அதைத் தொழிலில் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மற்றதை எனக்கு மல்லிகாதான் கற்றுக் கொடுத்தாள். அதற்கப்புறம் எந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தாலும், "ஏதாவது சத்தம் கேட்டா வந்து சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்," என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன். பின் சீட்டில் குழந்தை இருந்தால் குனிந்து அதனிடம் முதலில் கேட்பேன், உனக்கு ஏதாவது கேட்குதா என்று.