வாசல் நிலையில் குளவிக் கூடு

இன்று காலை செம்பூர் வீட்டு பால்கனியில், கத்தரிச் செடிக்கு மேல் ஒரு குளவி ரீங்கரித்தது. "அப்பா, ஸ்ப்ரே எங்க?" என்று மகள் கேட்டாள். என் கழுத்து தானாகவே தோளுக்குள் போனது.

பிள்ளைகளே, நான் சிறுவனாக இருந்தபோது, தாராவியில் எங்கள் வாசல் நிலையிலும் இப்படி ஒரு குளவி கூடு கட்டியது. அம்மா பெயிண்ட் டப்பாவில் வளர்த்த கத்தரியின் புழுக்களை அது பிடித்துப் போகும். அதற்காகவே, அது கூடு கட்ட என்று அம்மா ஒரு மூடியில் ஈரமண் குழைத்து வைப்பார். எங்களுக்கு இருந்ததோ அந்த ஒரே வாசல். பள்ளிக்குக் கிளம்பும்போது பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளேயே நிற்பேன்.

"எம்மா, கொட்டிரும்மா."

"ஏலே, அதுக்குப் புழுதான் வேணும். நீ என்ன புழுவா? கையப் பிடிச்சிக்கிட்டு வா."

வாசலைத் தாண்டும்போது, பச்சைப் புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு குளவி என் காதோரம் பறந்து வந்தது. கண்களை இறுக மூடினேன். அப்போதுதான் அம்மாவின் கையை உணர்ந்தேன். வேர்த்து ஈரமாக, என் கையைவிட அதிகமாக நடுங்கியது.

"ஸ்ப்ரே வேண்டாம்மா. அது புழுவுக்குத்தான் வந்திருக்கு" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரிப்பா. ஆனா உங்க கை ஏன் இப்படி ஆடுது?" என்றாள்.